கம்ப்யூட்டருக்கு ஒரு பெரட்டு

ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகும் எங்கள் ஆய்வு நிலையத்துப் பிள்ளைகள் என்னை விட்டபாடில்லை. பிரிண்டர் தாளைக் கடித்துக்கொண்டால் எனக்குப் போன். கடவுச்சொல் மறந்துபோனால் எனக்குப் போன். "சம்பளம் மட்டுந்தான் நின்னிருக்கு, வேல நிக்கல" என்று என் மனைவி முணுமுணுப்பாள். போன் வராத நாளில் நானே அதை எடுத்து, சத்தம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதையும் அவள் கவனித்துத்தான் இருக்கிறாள்.

போன வாரம் பேசியவர் கொழும்பிலிருந்து புதிதாக வந்திருக்கும் உத்தியோகத்தர். மரியாதையான தம்பி. ஆனால் கேள்வியைப் பாருங்கள்.

"அங்கிள், நம்ம கம்ப்யூட்டர் நோட்புக் எல்லாத்திலயும் முதல் கட்டத்துக்கு மேல பெரட்டுன்னு எழுதியிருக்கே, அது என்ன? நெட்ல தேடினா பரோட்டா செய்ற வீடியோதான் வருது."

சிரித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவரும் கூடச் சிரித்துவிட்டு அடுத்த கேள்வியைப் போட்டார்.

"இப்ப இருக்கிற சாஃப்ட்வேருக்கு அந்தக் கட்டமே தேவையில்ல அங்கிள். எல்லாத்திலயும் அழிச்சிடவா?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அத நான் சொல்ல முடியாது தம்பி. உங்க பொறுப்பதிகாரி மேடத்துக்கிட்டக் கேளுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனம் கேட்கவில்லை. போனில் பாதி சொல்லிப் பாதி விழுங்குவதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். உயர்தரம் முடித்ததும் நுவரெலியாவில் ஒரு விதைக்கடைக்கு மேல்மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். ஒரு மெஷினுக்கு முன்னால் நாலு பேர் உட்கார்ந்து, ஒருவன் தட்ட மூன்று பேர் வேடிக்கை பார்ப்போம். கீழேயிருந்து லீக்ஸ் விதையும் பூச்சிமருந்தும் கலந்த வாசனை வரும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது. எந்த ஃபோல்டருக்குள் நிற்கிறோம் என்பதைத் திரையே ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எழுதிக் காட்டிக்கொண்டிருக்கும். அதை அப்போது நாங்கள் ஒரு வசதியாகவே நினைக்கவில்லை.

வகுப்பு முடிந்து சில மாதங்களில் ஆய்வு நிலையத்தில் கம்ப்யூட்டர் உதவியாளர் வேலை கிடைத்தது. தேயிலைக்கு வரும் நோய்களைப் பற்றி ஆராயும் சின்ன நிலையம். ஒரு மேட்டின் மேல் ஆபிஸ், சுற்றிலும் எங்களுக்கென்று கொஞ்சம் தேயிலை, அதில் வேலை செய்யும் தொழிலாளர்கள், அவர்களை மேற்பார்க்க ஒரு கங்காணி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் பெரிய கிளாக்கர் ஐயா மாதக் கணக்கில் தட்டி வைத்த ஆண்டறிக்கை ஒரு நாள் காணாமல் போய்விட்டது. ஆபிஸே கலங்கிப் போனது. வைரஸ் தின்றுவிட்டது என்று ஒருவர் சொன்னார். ஈரம் பிடித்திருக்கும், ஹீட்டர் போட்டுப் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். நான் மெஷின் முழுவதையும் தேடச்சொல்லிக் கட்டளை கொடுத்தேன். அறிக்கை பத்திரமாக இருந்தது. எங்கே என்றால், சீட்டு விளையாட்டு இருந்த ஃபோல்டருக்குள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஐயா ஒரு கை சீட்டு ஆடுவார், ஆடி முடித்துவிட்டு அதே இடத்தில் நின்றபடியே அறிக்கையைத் தட்டி, சேமித்து வைத்துவிடுவார். மெஷின் நாம் நிற்கும் இடத்தில்தான் எதையும் வைக்கும், நாம் நிற்கும் இடத்திலிருந்துதான் எதையும் எடுக்கும்.

"தம்பி ராஜா, கெடச்சிருச்சுன்னு மட்டும் சொல்லுங்க. எங்க கெடச்சுதுன்னு சொல்லாதீங்க" என்றார் ஐயா. நானும் சொல்லவில்லை. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டபடியால் இப்போது எழுதுகிறேன். அவர் இருந்தாலும் சிரிக்கத்தான் செய்வார்.

இனி சிவஞானம் சாரைப் பற்றி. இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் நிலையத்துக்குப் பொறுப்பதிகாரியாக வந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர், கலாநிதிப் பட்டம் பெற்றவர். மலையில் எத்தனை வருஷம் இருந்தும் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. ஏப்ரல் வெயிலிலும் கம்பளித் தொப்பியோடுதான் இருப்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை, ஆனால் அவர் அறைக்குப் போகுமுன் எல்லோரும் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வோம்.

போனில் யார் பேசினாலும் அவருடைய முதல் கேள்வி, "நீர் இப்ப எங்க நிண்டு கதைக்கிறீர்?" என்பதுதான். மலைக்குப் போகிறேன் என்று கிளம்பிய வெளிக்கள உத்தியோகத்தர்கள் சிலர் ராகலைக் கடையில் பிளேன்டீயும் வடையுமாக உட்கார்ந்து அறிக்கை சொன்னதை அவர் ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு இடத்தைச் சொன்னால்தான் பேச்சு.

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த வேலை முறை ஒன்று உண்டு. ஏதாவது பிழை வந்தால் பதற்றத்தில் நாலு இடத்தில் கை வைப்பது என் சுபாவம். அவர் என் கையைப் பார்த்தபடி, "ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்தும். மாத்தினாப் பிறகு என்ன நடந்தது எண்டு பாரும். பாத்திட்டு அடுத்ததைத் தொடும்" என்பார். இதை அவர் சொல்லாத வாரம் கிடையாது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் என் வேலை நாட்களில் நான் சரிசெய்த எல்லாவற்றையும் அந்த ஒரு முறையால்தான் சரிசெய்தேன்.

நோட்புக் மென்பொருளை எங்கள் நிலையத்துக்குக் கொண்டு வந்தவரும் அவர்தான். இப்போது எல்லோரும் பாவிக்கிறார்கள், அப்போது அது புதினம். திரையில் ஒரு நீண்ட பக்கம், அதில் மேலிருந்து கீழாகக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் கணக்கை எழுதி ஓடவிட்டால் அதன் கீழேயே விடை வந்து உட்காரும். படமும் வரும். பக்கத்தை மூடித் திறந்தாலும் பழைய விடைகள் அப்படியே இருக்கும். சாருக்கு அதில் கொள்ளை ஆசை.

அந்த நோட்புக்கில் அவர் போட்ட முக்கியமான கணக்கு வெயில் கணக்கு. தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் வரும். வெயில் குறைந்து ஈரம் நின்றால் கொப்புளம் ஏறும், மருந்து அடிக்க வேண்டும். நல்ல வெயில் இருந்தால் அடிக்க வேண்டாம். ஆகவே ஒவ்வொரு நாளும் எவ்வளவு நேரம் வெயில் அடித்தது என்று பார்த்து, திங்கட்கிழமை கணக்குப் போட்டு, சுற்றியுள்ள தோட்டங்களுக்குச் சொல்வோம். தோட்டங்களை நடத்தும் தொரைமார் எங்கள் சொல்லை நம்பித்தான் மருந்து அடிப்பார்கள்.

வெயிலை அளந்தவள் தவமணி. ஆபிஸுக்குப் பின்னால் கம்பிவேலிக்குள் மழைமானியும் ஒரு கண்ணாடிக் குண்டும் இருக்கும். வெயில் அந்தக் குண்டின் வழியாக விழுந்து, பின்னால் செருகிய அட்டையைக் கோடாகத் தீய்த்துக்கொண்டே போகும். கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு வெயில். தவமணி தினமும் அட்டையை மாற்றி, கோட்டை அளந்து, கம்ப்யூட்டரில் ஒரு வரி சேர்ப்பாள். மாத முடிவில் அட்டைகளைக் கட்டித் தலைமை நிலையத்துக்கு அனுப்பிவிடுவாள்.

அவளும் லயத்துப் பிள்ளைதான். தற்காலிகமாகச் சேர்ந்து, நிரந்தர நியமனத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அக்கா மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். இவளையும் அனுப்புவதற்கு ஒரு ஏஜென்ட் பாஸ்போர்ட் வரைக்கும் எடுத்து வைத்திருந்தார். "ஆபிஸ்ல நெலையா எடுத்துக்கிட்டா அந்தாளுக்கு நானே ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருவேன் அண்ணே" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். நியமனத்துக்கான சிபாரிசை சார் எழுதித் தலைமை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த வெள்ளிக்கிழமைத் தபால்தான் கடைசி.

அந்த வாரத்தில்தான் வந்து சேர்ந்தது வினை. திங்கட்கிழமை பக்கத்துத் தோட்டத்துச் சின்னத் தொரை போனில் பிடித்துக்கொண்டார். மூன்று வாரமாக நாங்கள் "நல்ல வெயில், மருந்து வேண்டாம்" என்று சொல்லி வந்திருக்கிறோம். அவருடைய மலையிலோ கொழுந்தெல்லாம் கொப்புளம்.

சார் பக்கத்தைத் திறந்து, இந்த வருஷத்து வெயிலையும் போன வருஷத்து வெயிலையும் ஒரே படத்தில் போட்டுப் பார்த்தார். இரண்டு கோடுகள் வர வேண்டும். ஒன்றுதான் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக, மயிரிழை பிசகாமல் படிந்து கிடந்தன. எண்களைப் பட்டியலாகப் போடச் சொன்னார். போன வருஷம் எந்த நாளில் எவ்வளவோ, இந்த வருஷமும் அதே நாளில் அவ்வளவே.

எந்த ஊரிலும் இரண்டு வருஷத்து வெயில் அப்படி ஒத்துப்போகாது. எங்கள் ஊரில் காலையில் அடிக்கிற வெயில் பகலுக்குள் மூடிக்கொள்ளும், அதை யாரால் ஒத்துப்போகச் செய்ய முடியும். சார் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கோபப்பட்டால் அதுதான் அடையாளம்.

தவமணியைக் கூப்பிட்டார். நானும் அறையில் இருந்தேன்.

"பிள்ளை, நீர் அட்டையைப் பாக்காமல் போன வருசத்து எண்ணைப் பாத்து எழுதினனீரோ?"

அவளுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் ஒரு அடி முன்னால் வந்தாள். "இல்லீங்க சார். நான் பாக்காம ஒரு நாளும் எழுதலீங்க. போன மாசம் பாதி நாளு அட்டையில தீஞ்ச கோடே இல்லீங்களே சார், ஒரே மூட்டம்."

"அப்ப இது என்ன?" என்று திரையைக் காட்டினார்.

"அது என் ஃபைல் இல்லீங்க சார். என் ஃபைல்ல அப்படி இல்ல. நான் காட்டுறேங்க."

காட்டினாள். அவள் மேசையில் இருந்த மெஷினில், சாரின் மெஷினும் கம்பி வழியாக எட்டிப் பார்க்கும் இந்த வருஷத்து ஃபோல்டருக்குள், அவளுடைய ஃபைலில் போன மாதத்துக்கு நேராக முழுக்கப் பூச்சியமும் அதற்கு அக்கம்பக்கமுமாக எண்கள். சார் நின்றபடியே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இதை இண்டைக்குக் காலமை மாத்தி எழுத ஏலாதோ, பிள்ளை?"

சொன்னவர் பிடிவாதக்காரர் இல்லை, அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அவள் தினமும் ஒரு வரி சேர்ப்பதால் அந்த ஃபைலின் தேதி எப்போதும் அன்றைய தேதியாகத்தான் காட்டும். மாதம் அன்றைக்குத்தான் பிறந்திருந்தது, போன மாதத்து அட்டைகள் தபாலில் போய்விட்டன. தலைமை நிலையத்தில் அவற்றைத் தேடி எடுத்துப் பதில் வருவதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும். "பிழை விடலாம், நானும் விடுறனான். பொய் எழுதக் கூடாது. பொய்யான எண்ணை நம்பித் தோட்டக்காரன் மருந்தடிக்காமல் விட்டிட்டான்" என்றார். தவமணி வெளியே போனாள். மழையில் குடை பறந்துபோனாலும் அட்டை நனையாமல் மாராப்புக்குள் வைத்துக் கொண்டுவருகிற பெண் அவள்.

அறையிலேயே நின்றேன். சார் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன ராஜா?"

"சார், ஒன்னே ஒன்னு மாத்திப் பாக்கட்டுங்களா?"

அவருடைய சொல்லையே அவரிடம் கேட்டதால் அவரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. "செய்யும்" என்றார்.

தவமணியின் ஃபைலுக்கு முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். பிறகு ஃபைலைத் திறந்து, போன மாதத்தின் நடுவில் ஒரு நாளைத் தேர்ந்து, அதன் எண்ணை அழித்துவிட்டு தொண்ணூற்றொன்பது என்று எழுதினேன். ஒரே நாளில் தொண்ணூற்றொன்பது மணி நேர வெயில். வேறெதையும் தொடவில்லை. சேமித்தேன். சாரின் மெஷினுக்கு வந்து, அவர் வழக்கமாக ஓடவிடும் கட்டங்களை அவர் ஓடவிடும் அதே விதமாக ஓடவிடச் சொன்னேன். படத்தில் ஒரு கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போயிருக்க வேண்டும்.

படம் அசையவில்லை. இரண்டு கோடுகளும் முன்பு போலவே ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்தன.

சார் இன்னொரு தடவை ஓடவிட்டார். பிறகு இன்னொரு தடவை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப இது பிள்ளையின்ர ஃபைலை வாசிக்கவே இல்லை" என்றார்.

"இல்லீங்க சார்."

"பின்னை எதை வாசிக்குது? மேல பாரும், இந்த வருசத்து ஃபோல்டர் எண்டு எழுதிக் கிடக்கு." பக்கத்தின் உச்சியில் இருந்த முதல் கட்டத்தைக் காட்டினார். உண்மைதான். எந்த ஃபோல்டரில் போய் நிற்க வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லும் வரி அங்கே இருந்தது. அதற்குக் கீழே, இந்த வருஷத்து ஃபோல்டரில் நிற்கிறேன் என்று மெஷின் சொன்ன பதிலும் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நானும் அதுவரைக்கும் குழம்பிப்போயிருந்தேன்.

"சார், நீங்க போன்ல கேப்பீங்களே, அத இதுக்கிட்டயும் கேட்டுப் பாத்தா என்னாங்க?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு பக்கத்தின் அடியில் புதிதாக ஒரு கட்டம் திறந்து, இப்போது எங்கே நிற்கிறாய் என்று கேட்கும் கட்டளையை அவரே தட்டினார். பதில் உடனே வந்தது. மெஷின் நின்றுகொண்டிருந்தது இந்த வருஷத்து ஃபோல்டரில் அல்ல. தன்னுடைய சொந்த வீட்டில், மென்பொருள் ஒவ்வொரு தடவையும் தொடங்குகிற ஃபோல்டரில். போன வருஷக் கடைசியில் சார் முதன்முதலாக இதைப் பழகிப் பார்த்தபோது வெயில் ஃபைலை அங்கேதான் போட்டிருந்தார். அது அங்கேயே கிடந்தது. படத்தில் போன வருஷத்துக் கோடும் அதிலிருந்துதான் வந்தது, அதற்கு மட்டும் முழு விலாசம் எழுதியிருந்தார். இரண்டு ஃபைலுக்கும் ஒரே பெயர். வருஷம் ஃபோல்டரின் பெயரில்தான் இருக்கும், ஃபைலின் பெயரில் இருக்காது. ஃபைலுக்குள்ளேயும் மாதமும் நாளும்தான், வருஷம் கிடையாது. அப்படி ஒழுங்கு செய்தவரும் சார்தான்.

"ஒரே பக்கத்தில ரெண்டு விலாசம்" என்றார் சார். மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே இருந்தது எப்போதோ சொன்ன பதில்.

எப்போது என்பதைக் கண்டுபிடிக்கத் தவமணியைத்தான் கேட்க வேண்டியிருந்தது. போய்க் கேட்டேன். அழுத முகத்தோடு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். "போன மாசம் டர்பன்டைன் மரம் விழுந்து லைன் அந்து ரெண்டு நாளு கரண்ட் இல்லியே அண்ணே. அதுக்கு முன்னால சார் மெஷின அணைச்சதே இல்ல."

அவ்வளவுதான் விஷயம். சார் மாதக் கணக்கில் அந்தப் பக்கத்தை மூடாமலே வைத்திருந்தார். எந்தக் காலத்திலோ முதல் கட்டத்தை ஓடவிட்டார், மெஷினும் சொன்ன இடத்தில் போய் நின்றது, கணக்கெல்லாம் சரியாக வந்தது. கரண்ட் போனதும் பின்னாலிருந்து கணக்குப் போடும் பகுதி எல்லாவற்றையும் மறந்துவிட்டது. கரண்ட் வந்ததும் பக்கம் திறந்தது. அதில் பழைய பதில் அழியாமல் இருந்தது. முதல் கட்டம் ஏற்கெனவே ஆகிவிட்டது என்று நினைத்து, திங்கட்கிழமைதோறும் கீழேயுள்ள கட்டங்களை மட்டும் ஓடவிட்டிருக்கிறார். மெஷின் வீட்டில் நின்றபடி, கையெட்டும் தூரத்தில் கிடந்த போன வருஷத்து ஃபைலை எடுத்து வாசித்திருக்கிறது.

"எனக்கு இது முழுசா விளங்கேல்லை ராஜா" என்றார் சார். "பதில் எழுதிக் கிடக்கு. ஆனா அது பதில் இல்லை எண்டுறீர்."

அப்போதுதான் எனக்குப் பெரட்டு ஞாபகம் வந்தது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, கொழும்புத் தம்பிக்காகச் சொல்கிறேன். காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லோரும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். கங்காணி பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று பிரித்துக் கொடுப்பார். அதுதான் பெரட்டு. நேற்றுச் சொன்ன மலை நேற்றோடு சரி. என் அம்மா ஒரு நாள் காய்ச்சலில் எழுந்து, பெரட்டுக்கு வராமல் நேரே கூடையை மாட்டிக்கொண்டு முதல் நாள் போன மலைக்கே போய்விட்டார். அங்கே ஆளே இல்லை. எல்லோரும் பனியில் பிந்தி வருகிறார்கள் என்று நினைத்து, நேற்றுப் பறித்து முடித்த மொட்டைச் செடிகளில் அம்மா தனியாகக் கொழுந்து தேடிக்கொண்டு நின்றார். அந்தக் கதையைச் சொல்லி லயமே ஒரு வருஷம் சிரித்தது.

இதைச் சாரிடம் சொன்னேன். "கரண்ட் போயி வந்தா அது புது நாளுங்க சார். இது பெரட்டுக்கு வரல. போன வருசத்து மலைக்குப் போயி நின்னுக்கிட்டிருக்கு."

சார் திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். முதல் கட்டத்தை ஓடவிட்டு, மற்றவற்றை வரிசையாக ஓடவிட்டார். ஒரு கோடு படத்தின் உச்சிக்குத் தாவியது. அது நான் எழுதிய தொண்ணூற்றொன்பது. அதைத் திருத்தி மறுபடி ஓடவிட்டோம். இந்த வருஷத்துக் கோடு தனியாகப் பிரிந்து, தரையோடு தரையாகப் படுத்தது. மூட்டம், மூட்டம், மூட்டம். தவமணி சொன்னது போலவே இருந்தது. சார் உடனே போனை எடுத்துத் தோட்டம் தோட்டமாகக் கூப்பிட்டு, மருந்து அடிக்கச் சொன்னார். ஒவ்வொருவரிடமும் கணக்கில் பிழை தன்னுடையது என்றார். சின்னத் தொரை எதையெதையோ சொல்லியிருக்க வேண்டும், சார் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தவமணியை அப்போதே கூப்பிட்டுச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கூப்பிடவில்லை. எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். அதற்குள் விஷயம் ஆபிஸை விட்டு வெளியே போய்விட்டது. வெயிலைப் பார்க்காமலே எழுதிய பிள்ளை என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை எங்கள் நிலையத்துப் பெரட்டுக்குச் சார் வந்தார். வேலாயுதம் கங்காணியின் காலத்தில் எந்தப் பொறுப்பதிகாரியும் அந்தக் களத்துக்கு வந்ததில்லை. பனி மூடிக் கிடந்தது. கம்பளித் தொப்பியோடும் கழுத்தில் சுற்றிய துணியோடும் சார் வரிசையின் கடைசியில், கொழுந்துக் கூடைகளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். கங்காணி பெயர்ப் பட்டியலை இறக்கிப் பிடித்தார்.

"சார், ஏதும் அவசரங்களா?"

"இல்லை. நீர் பேரைக் கூப்பிடும். முடிய என்ர பேரையும் கூப்பிடும்."

கங்காணி எல்லாப் பெயரையும் கூப்பிட்டு முடித்து, கடைசியில் மென்று விழுங்கி, "சிவஞானம் சார்" என்றார்.

"வந்திருக்கிறன்" என்றார் சார். பிறகு, தற்காலிக ஆள் என்பதால் தினமும் அந்த வரிசையில் நிற்க வேண்டியிருந்த தவமணியின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "பிள்ளை தவமணி எழுதின வெயில் கணக்கு முழுக்கச் சரி. நான்தான் பிழையான இடத்தில இருந்த கணக்கைப் பாத்திட்டு அவவைப் பிழை சொன்னனான். அது என்ர பிழை. அவவின்ர நியமனத்துக்கான கடிதம் இண்டைத் தபாலில போகுது."

அழுவாள் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சரிங்க சார். மழமானி பாக்குற நேரமாச்சு. நான் போகட்டுங்களா?"

"போம் பிள்ளை" என்றார் சார். அவள் போனாள். அன்றைக்கு மழைமானியை இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னாள். முதல் தடவை எண் கண்ணுக்குத் தெரியவில்லையாம்.

பெரட்டு முடிந்து ஆபிஸுக்குத் திரும்பியதும் சார் செய்த முதல் வேலை, நோட்புக்கின் முதல் கட்டத்துக்கு மேலே பெரட்டு என்று தலைப்புத் தட்டியது. தமிழ் எழுத்து அந்த மெஷினில் ஒழுங்காக வருவதற்கு நான் அரை நாள் மல்லுக்கட்டினேன். "இனி ஆர் இதைத் திறந்தாலும் முதல்ல பெரட்டு வைக்க வேணும். வைச்சிட்டு எங்க நிக்கிறாய் எண்டு கேக்க வேணும். பழைய பதிலைப் பாத்து நம்பக் கூடாது" என்றார். தவமணியையும் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைப் பழக்கினார். அவள் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். பிறகு பரீட்சைகள் எழுதினாள், படிப்படியாக மேலே போனாள். ஏஜென்ட் வந்தபோது சொன்னபடியே டீ வாங்கிக் கொடுத்தாள். அந்த டீயில் எனக்கும் ஒன்று கிடைத்தது.

சார் ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டார். எப்போதாவது போன் எடுத்தால் இப்போதும் அதே கேள்விதான், எங்கே நின்று கதைக்கிறீர் என்று. வீட்டில்தான் சார் என்பேன். "நல்லது, உண்மையாக் கிடக்கும்" என்பார், ஏனென்றால் பின்னால் என் மனைவியின் குரல் அவருக்குக் கேட்கும். என் வேலை வாழ்க்கையை நினைத்துப் பார்க்கும்போது குறை என்று சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நல்ல மனிதர்களோடு வேலை செய்தேன், அவர்களோடு சேர்ந்து சில பிழைகளைக் கண்டுபிடித்தேன்.

தம்பி, அந்தக் கட்டத்தை அழிக்கலாமா என்று கேட்டீர்கள். புதிய மென்பொருளுக்கு அது தேவையில்லை என்று நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் உங்கள் மேடத்தைக் கேளுங்கள். கடிதங்களில் அவர் தன் பெயரை இனிஷியலோடு நிறுத்திக்கொள்வார், ஆகவே முழுப்பெயர் தவமணி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன், காலையில் மழைமானி பார்க்கிற நேரத்தில் போய்க் கேட்காதீர்கள். அதை இன்றைக்கும் அவரேதான் போய்ப் பார்க்கிறார், அந்த நேரத்தில் யார் வந்து நின்றாலும் பேசமாட்டார்.